படித்துறைதோறும் ஒரு கயிறு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணியிலோ வாய்க்காலிலோ கிணற்றிலோ ஆள் மூழ்கிய செய்தி நாளிதழ்களின் நெல்லைப் பக்கத்தில் வரும்போதெல்லாம், அதன் கடைசி வரியை நாங்கள் பயந்து பயந்தே வாசிக்கிறோம். "காப்பாற்றச் சென்றவரும் நீரில் மூழ்கி உயிரிழந்தார்" என்ற வரி அது. அண்ணன் தம்பி, தாய் மகள், மாமன் மருமகன் என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் ஒரே கசத்தில், அதாவது நீருக்கடியில் இருக்கும் ஆழமான பள்ளத்தில், போய்விடுகிறார்கள். முதல் ஆளின் சாவைத் தடுக்க முடியாமல் போயிருக்கலாம். இரண்டாவது ஆளின் சாவு பெரும்பாலும் தடுக்கக்கூடியது. ஆற்று நீச்சலும் நீர்மீட்பும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் என்ற முறையில், கரையில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் தந்து வெளியிட வேண்டுகிறோம்.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டிக் கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படிக் கூப்பிட முடிகிறவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. உண்மையிலேயே முங்கிக்கொண்டிருப்பவரிடமிருந்து சத்தமே வராது. வாய் நீருக்கு மேலே வரும் ஒரு நொடியில் மூச்சை இழுக்கத்தான் முடியும், குரல் கொடுக்க முடியாது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் நீர்மட்டத்தில் இருக்கும், உடம்பு நட்டுக்குத்தலாக நிற்கும், கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்தும். இந்த நிலை 20 நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை நீடிக்கும். அதற்குமேல் ஆள் கீழே போய்விடுவார். கரையில் இருப்பவர்களோ, "முங்கி வெளையாடுதான்" என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சந்தேகம் வந்தால் "ஏல, நல்லாருக்கியா?" என்று ஒரு சத்தம் போடுங்கள். பதில் வந்தால் சரி. வராவிட்டால் அவர் முங்குகிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குளிக்கிற பிள்ளைகளின் இரைச்சல் திடீரென்று நின்றுபோனாலும் உடனே திரும்பிப் பார்க்க வேண்டும்.

பார்த்தவுடன் குதிப்பதுதான் நம் ஊர் வழக்கம். அங்கேதான் இரண்டாவது சாவு தொடங்குகிறது. மூச்சுக்குத் தவிப்பவரின் கைக்கு எது கிடைத்தாலும் அதன் மேல் ஏறுவார். அவர் தம்பியா மகனா என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது. கழுத்தைக் கட்டிப்பிடித்துத் தோளில் ஏறி, காப்பாற்ற வந்தவரையே படியாக்கி மேலே வரப் பார்ப்பார். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இந்தப் பிடியில் சிக்கினால் மீள்வது கடினம். வேட்டியோடும் சேலையோடும் இறங்கினால் துணி காலில் சுற்றிக்கொள்ளும்.

எனவே வரிசை இதுதான். கரையில் குப்புறப் படுத்துக் கையோ கழியோ எட்டினால் நீட்டுங்கள். எட்டாவிட்டால் மிதக்கிற பொருளை வீசுங்கள். அதுவும் முடியாவிட்டால் படகிலோ டயர் ட்யூபிலோ போங்கள். நீந்திப் போவது கடைசி வழி. அப்போதும் வெறுங்கையோடு போகக்கூடாது.

வீசுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நிறையவே இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் உடம்பின் எடையை நீரே பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. தலையை மட்டும் வெளியே நிறுத்த நாலைந்து கிலோ மிதப்பு போதும். மூடியை இறுக்கித் திருகிய 5 லிட்டர் காலி கேன் ஒன்றே அந்த மிதப்பைக் கொடுத்துவிடும். 20 லிட்டர் கேன் கிடைத்தால் இரண்டு பேர் பிடிக்கலாம். லாரி ட்யூப், மட்டை உரிக்காத நெற்றுத் தேங்காய் இரண்டைச் சேர்த்துக் கட்டியது, தெர்மோகோல் பெட்டி எல்லாமே உதவும். சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் கரையை ஒட்டியே வாழைத் தோட்டம். தார் வெட்டிப் போட்ட வாழைமரம் ஒன்றைத் தள்ளிவிட்டால் அது ஓர் ஆளை நன்றாகவே தாங்கும். அதைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய ஊர்தானே இது.

கயிறு இல்லாத இடத்தில் சேலைதான் கயிறு. ஒரு சேலை ஐந்தரை மீட்டர், எட்டு முழ வேட்டி ஏறக்குறைய மூன்றரை மீட்டர். இரண்டு சேலைகளை நன்றாக முறுக்கி, நனைத்து, முடிச்சுக்கு வெளியே ஒரு சாண் முனை நிற்கும்படி இரட்டை முடிச்சுப் போட்டால் பத்து மீட்டர் வரை எட்டும். முனையைக் கட்டையாக விட்டால் ஈரத்தில் முடிச்சு வழுக்கிக் கழன்றுவிடும். படித்துறையில் முங்குகிறவர்களில் பலர் கடைசிப் படியிலிருந்து சில அடி தூரத்துக்குள்தான் இருக்கிறார்கள். அந்த அளவுக்கு இந்தச் சேலைக் கயிறு போதும்.

வீசுவதற்கும் ஒரு முறை உண்டு. முங்குகிறவருக்கு முன்னால் விழுந்த கயிற்றை அவர் எட்டிப் பிடிக்க மாட்டார். கயிறு அவர் தலையைத் தாண்டி விழுந்து தோள்மேல் கிடக்க வேண்டும். வீசுமுன் பெயரைச் சொல்லியோ "ஏலே" என்றோ கூப்பிட்டு, உங்களைப் பார்க்க வையுங்கள். "கயித்தப் புடி, மல்லாக்கப் படு" என்று இரண்டே கட்டளைகள். வேறு எதுவும் அவர் காதில் ஏறாது. கயிற்றை உங்கள் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது. இழுப்பு உங்களையும் உள்ளே கொண்டுபோகும்போது கயிற்றை விட முடிய வேண்டும். நின்றபடி இழுத்தால் பாசிப் படியில் வழுக்கும். உட்கார்ந்து, காலைக் கல்லில் முட்டுக்கொடுத்து இழுங்கள். ஓடுகிற தண்ணீரில் எதிர்த்து இழுக்க வேண்டிய தேவையும் இல்லை. கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலே நீரோட்டம் அவரை வளைத்துக் கொண்டுவந்து உங்களுக்குக் கீழே கரையில் சேர்த்துவிடும். அங்கே ஓர் ஆள் தயாராக நிற்கட்டும். முதல் வீச்சு தவறினால் கயிற்றைச் சுருட்டி நேரத்தைக் கடத்தாதீர்கள். விறுவிறுவென்று இழுத்துக் காலடியில் போட்டுவிட்டு மறுபடி வீசுங்கள்.

இனி ஆற்றைப் பற்றி. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரைக்கும் தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். வெள்ளம் கொஞ்சமாக வழியும் நாளில் அணைக்கட்டின் அடியில் குளிப்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நீர் கூடும்போது, மேலிருந்து விழுகிற தண்ணீர் அடியில் மோதி மேற்பரப்பில் சுவரை நோக்கியே திரும்பி வரும். அதில் சிக்கியவரைத் திரும்பத் திரும்ப விழுநீருக்குள்ளேயே இழுத்துப் போடும். நீந்தி வெளியே வர முடியாது. நுரை நிறைந்த தண்ணீரில் மிதப்பும் குறைவு. அங்கே ஒருவர் சிக்கினால் யாரும் குதிக்கக்கூடாது. பக்கவாட்டில் நின்று மிதவை கட்டிய கயிறு வீசுவது ஒன்றுதான் வழி. கால்வாயின் தலைமதகுப் பக்கம் இழுபடுகிறவராக இருந்தால், ஒருவர் மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கரைத் தேடி ஓட வேண்டும். ஷட்டரை இறக்கினால் இழுப்பு நிற்கும். நெல்லை, பாளையங்கால்வாய்களில் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் பாயும் குழாய்ப் பாலங்களுக்கு மேற்புறம் பிள்ளைகள் குளிப்பதை எங்கே பார்த்தாலும் தடுக்க வேண்டும். உள்ளே இழுக்கப்பட்டவரை மறுபக்கத்திலிருந்து எடுப்பது மிகக் கடினம்.

கசம் கண்ணுக்குத் தெரியாது. ஆற்றில் மணல் அள்ள 2010-ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. அதற்கு முன் தோண்டிய பள்ளங்கள் எல்லாம் தூர்ந்துபோய்விடவில்லை. முழங்கால் அளவு நீரில் நடந்து போகிறவர் அடுத்த அடியில் ஆளுயரத்துக்குக் கீழே இறங்கிவிடுவார். ஓரத்து மணலும் சரிந்து கூடவே வரும். கோடை விடுமுறையில் ஆறு வற்றிக் கிடக்கிறதே என்று வெளியூர்ப் பிள்ளைகள் இறங்குவது இதனால்தான் ஆபத்து. ஒரு வெள்ளம் வந்து போனால் பழைய இடத்துக் கசம் நகர்ந்திருக்கும். போன வருடம் குளித்த துறைதானே என்ற நம்பிக்கையும் கூடாது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் உள்ளூர்க்காரர் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி, கரையில் இரண்டு பேர் பிடிக்க, நீண்ட கழியால் தரையைக் குத்திப் பார்த்து ஆழம் தொடங்கும் இடத்தில் ஒரு கம்பு நட்டுவைப்பது நல்லது. கயிற்றை இடுப்பில் கட்டலாம் என்பது தேங்கிய, ஓட்டமில்லாத தண்ணீருக்கு மட்டும்தான்.

மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அருவிக் கரையில் வெயில் அடிக்கும்போதே மேலே காட்டில் மழை கொட்டலாம். தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, அருவியின் சத்தம் கனப்பது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் துணிமணியை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். நிமிடக் கணக்கில்தான் நேரம் இருக்கும். இழுத்துக்கொண்டு போனால் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால் நீரோட்டம் ஆளை முன்னால் சாய்த்து முக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசைக்கு நீட்டி, கையால் துழாவிக் கரைப்பக்கம் சரிந்து வர வேண்டும்.

சங்கரன்கோவில், ஆலங்குளம், மானூர், ராதாபுரம் பக்கத்தில் ஆற்றைவிடக் கிணறுதான் ஆளை எடுக்கிறது. தண்ணீர்க் கிணற்றில் ஒருவர் விழுந்தால் முதல் வேலை மோட்டார் இணைப்பைத் துண்டிப்பது. ஸ்டார்ட்டரை நிறுத்தினால் போதாது, ஃபியூஸையே பிடுங்க வேண்டும். மின்கசிவு உள்ள கிணற்றில் குதித்தவருக்கு நீச்சல் தெரிந்து என்ன பயன்? அடுத்து மிதவையைப் போட்டு அவரைப் பிடித்திருக்கச் செய்யுங்கள். பிடிமானம் கிடைத்துவிட்டால் அவசரம் குறைந்துவிடும். பிறகு கயிற்றுக் கட்டிலின் நான்கு காலிலும் கயிறு கட்டி, மூலைக்கு இரண்டு பேராக நின்று, சமமாக இறக்கி, அதில் ஏறிப் படுக்கச் சொல்லித் தூக்கலாம். ஒற்றைக் கயிற்றைப் பிடித்து ஏறச் சொல்லாதீர்கள். களைத்த கை பாதியில் நழுவும்.

பாழ்ங்கிணறு, உறைகிணறு, செப்டிக் டேங்க் என்றால் கதை வேறு. அங்கே கொல்வது காற்று. உள்ளே ஆக்சிஜன் குறைந்திருக்கும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அடியில் தங்கும். டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டியிருந்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும். கழிவுத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அது அளவு கூடியதும் மூக்கின் உணர்வையே கெடுத்துவிடுவதால், நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவர் சில மூச்சிலேயே விழுவார். மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பதைப் பலரும் முழுச் சோதனையாக நம்புகிறார்கள். சுடர் அணைந்தால் இறங்கக்கூடாது என்பது சரி. அணையாவிட்டால் இறங்கலாம் என்பது தவறு. நச்சு வாயு இருக்கும்போதும் சுடர் எரியும். செப்டிக் டேங்கில் மீத்தேன் இருந்தால் அந்தச் சுடரே வெடிக்க வைக்கும். வேப்பங்குழையைக் கட்டி மேலும் கீழும் இழுப்பதும் தண்ணீர் தெளிப்பதும் காற்றைக் கொஞ்சம் கலக்கும், நஞ்சை நீக்கிவிடாது. உள்ளே விழுந்தவருக்கு மேலிருந்து செய்யக்கூடியது, புளோயரில் வெளிக்காற்றை அடிப்பதும், அவர் நினைவோடு இருந்தால் சுருக்குப் போட்ட கயிற்றை இறக்குவதும்தான். மூச்சுக்கருவி போட்ட தீயணைப்பு வீரரைத் தவிர வேறு யாரும் இறங்கக்கூடாது. இரண்டாவதாக ஒருவர் இறங்கி, அவரைத் தேடி மூன்றாவதாக ஒருவர் இறங்கும் துயரம் இங்கேதான் அடிக்கடி நடக்கிறது. மகனோ தகப்பனோ உள்ளே கிடக்கும்போது கரையில் நிற்கச் சொல்வது எவ்வளவு கொடுமை என்பது எங்களுக்குப் புரிகிறது. அதனால்தான் கூட இருப்பவர்கள் அவர்களை வலுக்கட்டாயமாகப் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறோம்.

மேலே தூக்கிய பிறகு செய்கிற தவறுகள் தனி. ஆளைத் தலைமேல் தூக்கிவைத்துச் சுற்றுவது, தலைகீழாகத் தொங்கவிடுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாமே கேடு. வெளியே வருவது வயிற்றில் போன தண்ணீர். அது வரும்போது சோற்றையும் புளிப்பையும் கொண்டுவந்து மூச்சுக்குழாயில் இறக்கிவிடும். உப்பில் புதைத்தால் பிழைத்துக்கொள்வார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி முழுப் பொய். மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நான்கு நிமிடத்திலிருந்து ஆறு நிமிடத்துக்குள் சேதம் தொடங்கிவிடும். அந்த நிமிடங்களைத்தான் இவை தின்கின்றன.

மல்லாக்கக் கிடத்தி, கூப்பிட்டு உலுக்கிப் பாருங்கள். அசைவில்லை என்றால் மோவாயைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்த்து, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடி பாருங்கள். விட்டுவிட்டு வாயைத் திறந்து ஏங்குவது மூச்சு ஆகாது. மூச்சில்லாவிட்டால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, மார்பு எழும் அளவுக்கு முதலில் ஐந்து முறை ஊதுங்கள். நீரில் மூழ்கியவரின் இதயம் நிற்பதே காற்றில்லாமல்தான், அதனால் காற்றுக்கு முதலிடம். பிறகு மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடக்காமல், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, இரண்டு முறை ஊத வேண்டும். சிறு பிள்ளைக்கு ஒரு கை போதும், மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள், ஊதுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் புரட்டி, வழித்துவிட்டுத் தொடருங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், களைத்த கை ஆழமாக அழுத்தாது. 108 வரும்வரை நிறுத்தக்கூடாது. எழுந்து உட்கார்ந்து "நல்லாயிருக்கேன்" என்று சொல்பவரையும், இருமல் இருந்தால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நுரையீரல் சில மணி நேரம் கழித்துக்கூட மோசமாகலாம்.

தீயணைப்புக்கு 101 அல்லது 112. கூப்பிடும்போது ஊர்ப் பெயர் மட்டும் சொன்னால் வண்டி எதிர்க்கரைக்குப் போய்விடும். எந்தத் துறை, எந்தக் கரை, எந்தக் கோவிலிலிருந்து இறங்கும் பாதை என்று சொல்லி, ரோட்டு முக்கில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

இப்போது எங்கள் கோரிக்கை. குறுக்குத்துறை, கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, சீவலப்பேரி, முக்கூடல், கல்லிடைக்குறிச்சி, பாபநாசம் என்று மக்கள் கூடும் ஒவ்வொரு படித்துறையிலும் ஒரு மீட்புக் கயிறு தொங்க வேண்டும். 20 மீட்டர் நீளமும் 8 முதல் 10 மி.மீ. கனமும் உள்ள பாலிப்ரொப்பிலீன் கயிறு வாங்க வேண்டும். அது மிதக்கும், நைலான் கயிறு மூழ்கிவிடும். தேங்காய்நார்க் கயிறு ஊறிக் கனத்துவிடும். ஒரு முனையில் 5 லிட்டர் கேன், உள்ளே அரை லிட்டர் தண்ணீர். அந்தக் கனம் இல்லாவிட்டால் காற்றில் கேன் திசைமாறும். கயிற்றை வளையமாகச் சுற்றித் தொங்கவிட்டால் அவசரத்தில் சிக்கலாகும். யூரியாச் சாக்கில் தைத்த பைக்குள் பிடிபிடியாகத் திணித்துவைத்தால் சிக்காமல் உருவி வரும். மறுமுனையில் கையை நுழைத்து மாட்டும் வளையம் வேண்டாம், ஒரு முடிச்சு போதும். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

மாடு கட்ட எடுத்துப் போய்விடுவார்கள் என்பார்கள். கயிற்றுக்கும் கேனுக்கும் ஆரஞ்சு வண்ணம் அடித்து, பூட்டில்லாத பெட்டியில், துறையில் கடை வைத்திருப்பவர் பார்வையில் மாட்டினால் பெரும்பாலும் நிற்கும். பூட்டுப் போட்டால் சாவியைத் தேடுவதற்குள் ஆள் போய்விடுவார். வெயில் பட்டுப் பட்டுப் பாலிப்ரொப்பிலீன் நொறுங்கும். கையில் தூசிபோல உதிர்ந்தால் அந்தக் கயிறு ஆகாது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் முன், வைகாசியில், வருடாவருடம் மாற்ற வேண்டும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்திலும் சொரிமுத்து அய்யனார் கோவிலிலும் கூட்டம் சேரும் நாட்களில் துறைக்கு மூன்று நான்கு கயிறும், வீசத் தெரிந்த ஆட்களும் நிற்க வேண்டும்.

உங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறோம். மூழ்கிய செய்தி வெளியிடும்போது, அதன் கீழே நான்கு வரிக் கட்டம் ஒன்று போடுங்கள்: குதிக்காதே, மிதவை வீசு, 112-ஐ அழை, ஐந்து மூச்சு ஊதி மார்பை அழுத்து. குதித்து இறந்தவரின் துணிச்சலைப் பாராட்டி எழுதும் நாளில் இந்தக் கட்டம் இன்னும் பெரிதாக வர வேண்டும். ஜூலை 25 உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாள். அன்று ஆற்றங்கரைப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, கரையில் நின்று கேன் வீசுவதையாவது ஒரு பீரியடில் கற்றுக்கொடுக்க முடியும். அதற்கு எங்களில் யாரைக் கூப்பிட்டாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஆற்று நீச்சல் கற்பிப்போர் சிலர்,
திருநெல்வேலி.